விஜிதரனின் வாளியும் நுரை உபகுழுவும்

ஒரு மனிதனைத் தனியே கெட்டுப்போக விடாத சமூகம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்களுடையது. மற்ற இனத்தவர் கோபுரம் கட்டினார்கள், கப்பல் விட்டார்கள், சந்திரனில் கொடி நட்டார்கள். நாங்கள் உபகுழு அமைத்தோம். கோபுரம் சாயும், கப்பல் கவிழும், கொடி வெளிறும். உபகுழுவுக்கு அழிவில்லை. அதைக் கலைக்க வேண்டுமென்றால் இன்னோர் உபகுழு அமைக்க வேண்டும்.

இந்த உண்மையை உலகுக்கு நிரூபித்தது, சுவிஸ் நாட்டின் ஓல்டன் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விஜிதரன் வீட்டு நிலவறையில் இருந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியின் மீட்புப் பணியில் செயலாளராகக் கடமையாற்றும் பேறு எனக்குக் கிடைத்தது. ஓல்டன் ஸ்டேஷனுக்குப் பின்புறம் மரக்கறிக் கடை வைத்திருப்பவன் நான். என் தகப்பனார் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்றவர். பேரம் பேசாமல் வாங்குகிறவனை அவர் மனிதனாக மதித்ததில்லை. மூட்டையைத் திறந்து பாராமல் வாங்குகிறவனைப் பற்றி வீட்டில் பேசவே விடமாட்டார். "திறந்து பார்" என்பதுதான் எனக்குக் கிடைத்த கல்வி. என் கடைக்கு வரும் சனமும் அதே பல்கலைக்கழகம்தான். கத்தரிக்காயை அமத்தி, முருங்கைக்காயை முறுக்கி, தயிர்ப் பேணியின் மூடியை மெல்ல நிமிர்த்தி மணந்து பார்த்த பிறகுதான் "என்ன விலை" என்று கேட்பார்கள்.

விஜிதரன் நல்ல மனிதர். பெரிய களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு உள்ள ஒரே வியாதி, யாருக்கும் "இல்லை" என்று சொல்ல வராது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு மண்டபத்தில் சனம் இருந்து எழும்பிய கதிரைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். பிறந்தநாளா, சாமத்திய வீடா, சங்கத்தின் ஆண்டு விழாவா, கூப்பிட்டால் போவார். சாப்பாடு முடிந்து சனம் காரில் ஏறிய பிறகு, மண்டபத்தில் கடைசியாக விளக்கை அணைப்பவர் அவர்தான்.

அப்படிப்பட்டவர் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, கிராம அலுவலகத்தில் நேர்முகப் பேச்சுக்குப் போனார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஹெர் விட்மர் என்ற பெரியவர் கேள்வி கேட்டார். மலைகளின் பெயர் சரி. ஏரிகளின் பெயர் சரி. குப்பையை எந்தப் பையில் கட்டுவது என்பதும் சரி. பிறகு அவர் சாய்ந்து உட்கார்ந்து, "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்றார்.

கதிரை அடுக்குவதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல விஜிதரனுக்கு வெட்கமாக இருந்தது. கண் சுவரில் அலைந்தது. அங்கே ஒரு நாட்காட்டி. அதில் செப்புக் கொப்பரைக்கு முன்னால் ஒரு மீசைக்காரர் அகப்பையோடு நின்றார்.

"பியர் காய்ச்சுவது," என்றார் விஜிதரன்.

ஹெர் விட்மரின் முகம் மலர்ந்தது. "நானும்தான்! ஓகஸ்ட் முதலாம் திகதி எங்கள் தெருவில் தேசிய தின விழா. உங்கள் பியரைக் கொண்டுவாருங்கள். குடித்துவிட்டு மீதியைப் பேசுவோம்."

மீதி என்றால் பாஸ்போட். விஜிதரன் அதுவரை காய்ச்சியது தேத்தண்ணி ஒன்றைத்தான்.

"உங்களுக்கு வேற ஒண்டும் வாயில வரேல்லையோ?" என்று கேட்டார் மனைவி தில்லைநாயகி. "தோட்டம் எண்டு சொல்லியிருக்கலாம். சைக்கிள் எண்டு சொல்லியிருக்கலாம்."

"சுவரில சைக்கிள் இல்லையப்பா."

மனிதர் ஒரு பெட்டி வாங்கிவந்தார். அதற்குள் வாளி, மூடி, முளைகட்டிய பார்லிப் பாகு, கசப்புப் பூ, ஈஸ்ட் எல்லாம் இருந்தன. மூடியில் செருகுவதற்கு ஒரு வளைந்த குழாயும் இருந்தது. அந்தக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கினால் அதில் "குளுக்" என்று குமிழி வரும். விஜிதரன் சொன்னபடி காய்ச்சினார், ஆற வைத்தார், ஈஸ்ட் தூவி மூடினார். கூடவே வந்த தாளில், இரண்டு கிழமைக்கு மூடியைத் திறக்காதே என்று ஜெர்மனில் இருந்தது, பிரெஞ்சில் இருந்தது, இத்தாலியனில் இருந்தது. தமிழில் இல்லை. சகல அனர்த்தங்களுக்கும் அந்தக் கம்பனியே பொறுப்பு.

வாளியை நிலவறையில் வைத்தார். நிலவறை என்றால் சும்மா நிலவறை இல்லை. யுத்தம் வந்தால் ஒளிப்பதற்கு இந்த நாட்டில் வீடுகளுக்குக் கீழே கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பங்கர். கதவே ஒரு முழம் தடிப்பு. ஊரில் விஜிதரனின் பிள்ளைப் பராயம் பாதி பங்கருக்குள் போனது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். விமானச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் விழுவார்களாம். அதிலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்தவருக்கு, வாடகையோடு சேர்த்து இன்னொரு பங்கர் கொடுத்தது சுவிஸ். இந்த நாடு யுத்தத்தைத் தவிர மற்ற எல்லாம் ஆயத்தமாக வைத்திருக்கிறது.

அடுத்த நாள் விஜிதரன் என் கடைக்கு வந்தார். முகம் வெண்டிக்காய் நிறம்.

"அண்ணை, குமிழி வரேல்லை."

"எத்தினை பேருக்குச் சொன்னனீர்?"

"உங்களுக்கு மட்டும்தான்."

"நல்லது. ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

நானும் மூச்சு விடவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கு மட்டும் சொன்னேன். அது வெள்ளிக்கிழமை. கறிவேப்பிலை வரும் நாள்.

பொழுது படுவதற்குள் என் கடையின் பின்புறத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, எங்கள் சங்கத் தலைவர் குணசேகரம் அண்ணை. எந்தக் கூட்டம் என்றாலும் அவர்தான் தலைமை. ஒரு முறை தன்னைப் பதவி நீக்கக் கூடிய கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்கி, நேரம் போதாமையால் ஒத்திவைத்தார்.

"எங்கட பொடியன் ஒருத்தன்ரை பாஸ்போட் வாளிக்குள்ள கிடந்து உயிருக்குப் போராடுது," என்று அவர் தொடங்கினார். "சமூகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கேலுமோ?"

ஏலாது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. குழுவின் பெயரில் "பியர்" என்ற சொல் வந்தால் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் குறைப்படுவார்கள் என்பதால், "நுரை விவகார இடைக்கால உபகுழு" என்று பெயர் சூட்டினோம். விஞ்ஞான ஆலோசகராக ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் தெரிவானார். அவர் படிப்பித்தது சங்கீதம். ஆனாலும் பாடனில் ஒரு தொழிற்சாலையில் நீண்ட காலம் அமுக்கமானியைப் பார்த்துக்கொண்டு நின்றவர். எங்களுக்கு அது போதும்.

உபகுழு நேரே பங்கருக்கு இறங்கியது.

"திறக்கக்கூடாது எண்டு எழுதிக் கிடக்கு அண்ணை," என்றார் விஜிதரன், மெல்ல.

"அது வெள்ளையளுக்கு எழுதினது," என்றார் குணசேகரம் அண்ணை. "வீடு தேடி வந்த மனிசரை மூடியைப் பாத்திட்டுப் போகச் சொல்லுறீரோ?"

விஜிதரனுக்கு இல்லை என்று சொல்ல வராது என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். மூடி திறக்கப்பட்டது. வயது வரிசைப்படி ஒவ்வொருவராகக் குனிந்து மணந்தோம். மாஸ்டர் சுட்டுவிரலை உள்ளே விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார்.

"இனிப்புக் கிடக்கு. சுருதியும் பரவாயில்லை. உயிர்தான் இல்லை. குளிர் பிடிச்சிட்டுது."

உடனே குணசேகரம் அண்ணை மேலே போய், தன் காரின் பின்பெட்டியிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்துவந்து வாளிக்குப் போர்த்தினார். வாழ்நாள் முழுவதும் பொன்னாடை வாங்கிய அந்தப் பெருமகன் ஒன்றைத் திருப்பிப் போர்த்தியதை நான் கண்டது அன்றுதான். அறியாமல் இரண்டு பேர் கை தட்டினோம்.

குமிழி வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, சீனி போட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். மூடி திறந்தது, சீனி போனது. மற்றவர்களும் கேட்டார்கள். மற்றவர்களின் சீனியும் போனது. கடைசியில்தான் குணசேகரம் அண்ணை நெற்றியைத் தட்டிக்கொண்டு அந்த வரலாற்று வசனத்தைச் சொன்னார்.

"டேய், அப்பத்து மா ஏன் பொங்குது? கை! கைராசி!"

எல்லோரும் ஒரே நேரத்தில் தில்லைநாயகியைத் திரும்பிப் பார்த்தோம். அவருடைய அப்ப மாவைப் பற்றி ஓல்டன் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. கரண்டி தொடவிடமாட்டார். கையால்தான் கரைப்பார், கையால்தான் அடிப்பார். விடிந்தால் மா சட்டியை விட்டு வெளியே வந்து நிற்கும். அதே மாவை அதே அளவில் கரண்டியால் கலக்கியவர்கள் வீட்டில் அப்பம் சப்பாத்துத் தோல் மாதிரி வரும்.

"என்ன கதை இது?" என்றார் தில்லைநாயகி. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாராயத்துக்குள்ள கை வைக்கிறதோ?"

"தங்கச்சி, உது சாராயமில்லை. உம்முடைய மனிசன்ரை பாஸ்போட்."

தில்லைநாயகி கணவரைப் பார்த்தார். கணவர் வாளியைப் பார்த்தார். தில்லைநாயகி மேலே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவந்து, காப்புகளை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, வலது கையை பியருக்குள் விட்டார். அடியிலிருந்து கிளறி, மேலே அள்ளி, பளார் பளாரென்று அடித்தார். மாஸ்டர் தாளம் போட்டார். அறிவியலும் பண்பாடும் கைகோத்த காட்சி அது. கை ஒன்றுதான் உள்ளே இருந்தது என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் காலை, குளுக்.

என் தொலைபேசி சூடாகிவிட்டது. "என்ரை பொன்னாடை," என்றார் குணசேகரம் அண்ணை. "நான் குளிர் எண்டு அப்பவே பிடிச்சன்," என்றார் மாஸ்டர். சீனி போட்ட ஒவ்வொருவரும் தங்கள் சீனிதான் என்றார்கள். ஈஸ்ட் உயிர்பெற ஒரு நாள் எடுக்கும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததாம். அதை விஜிதரன் சொல்ல வாயெடுத்தார். இந்த மகிழ்ச்சியில் யார் கேட்பது?

ஓல்டன் ஒரு ரயில் சந்தி. நாட்டில் எந்த ரயில் எங்கே போனாலும் இங்கே ஒரு முறை நிற்கும். அதிலே இருக்கும் தமிழரும் இறங்குவார்கள். பாடனிலிருந்து வந்தார்கள். வில் நகரிலிருந்து வந்தார்கள். பேர்னுக்குச் சாவீட்டுக்குப் போனவர்கள் வரும் வழியில் இறங்கி, குளித்துவிட்டு வந்து பார்த்தார்கள். எல்லோரும் முதலில் காதை வைத்துக் குமிழியைக் கேட்டார்கள். பிறகு, "ஒருக்காத் திறவுமன், பாப்பம்," என்றார்கள். தேக்கரண்டியும் கையுமாக விஜிதரன் பங்கர் வாசலில் நின்றார். ருசி பார்த்தவர்கள் கரண்டியைத் திரும்ப வாளிக்குள் தோய்த்து இன்னொரு தரம் பார்த்தார்கள். முதல் தரம் சரியாகப் பிடிபடவில்லையாம்.

இரண்டாம் கிழமை பியரின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படர்ந்தது. மணமும் மாறியது. மாங்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்த மாதிரி ஒரு மணம்.

மீட்புக் குழு அன்றே விசாரணைக் குழுவாகத் தரம் உயர்த்தப்பட்டது. பார்லி பழசு என்றார் ஒருவர். பங்கர் வாசலில் சப்பாத்தோடு யாரோ ஏறியதாக இன்னொருவர் சாட்சி சொன்னார். கண்ணூறு என்ற கருத்தும் பலமாக இருந்தது. குணசேகரம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை. ஆனா அந்தக் கை விட்ட நேரம் தொடங்கித்தான் எனக்கு மனதுக்குள்ள ஒரு மாதிரிக் கிடந்தது."

தேத்தண்ணித் தட்டோடு வந்த தில்லைநாயகி அப்படியே நின்றார். "அண்ணை, நான் விட்டது கழுவின கை. நீங்கள் எல்லாரும் விட்ட விரலை ஆர் கழுவினது?"

தட்டு திரும்பிப் போனது. அன்று உபகுழு தேத்தண்ணி இல்லாமல் கலைந்தது. அதன் வரலாற்றிலேயே கறை படிந்த நாள் அது.

ஆனால் நாங்கள் விஜிதரனைக் கைவிட்டோமா? இல்லை. விழாவுக்கு முதல் நாள் நான் தனியே போய்ச் சந்தை வழி ஒன்று சொல்லிக்கொடுத்தேன்.

"கடையில நல்ல பியர் வாங்கும். போத்தலை மாத்தும். உம்முடைய பேரை எழுதி ஒட்டும். உள்ளுக்கு என்ன எண்டது செய்தவன்ரை பிரச்சினை. வெளியில என்ன ஒட்டியிருக்கு எண்டதுதான் வியாபாரம்."

விஜிதரன் நிலத்தைப் பார்த்தார். "பாப்பம் அண்ணை," என்றார்.

ஓகஸ்ட் முதலாம் திகதி. தெரு முழுவதும் சிவப்பு வெள்ளைக் கொடி, கடதாசி விளக்கு, தணலில் சோசேஜ், மேசைகள், சனம் இருப்பதற்கு நீள மர வாங்குகள். உபகுழு முழு உடுப்போடு வந்து, ஹெர் விட்மருக்கு நேரே இருந்த வாங்கைக் கைப்பற்றியது. விஜிதரன் ஒரு போத்தலை வைத்தார். திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கடைப் போத்தல் இல்லை. மாங்காய் ஊறுகாய்.

ஹெர் விட்மர் கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்தார். குடித்தார். அவருடைய ஒரு கண் தானாக மூடியது. காது கொஞ்சம் பின்னால் போனது.

"எசிக்," என்றார்.

"என்னவாம்?" என்று குணசேகரம் அண்ணை என் விலாவில் இடித்தார்.

"வினாகிரியாம்."

"அது நல்லதோ, கூடாதோ?"

ஹெர் விட்மர் கிளாசை வைத்துவிட்டுக் கேட்டார். "மூடியைத் திறந்தது யார்?"

விஜிதரன் எங்களைப் பார்த்தார். குணசேகரம் அண்ணை சுவிஸ் கொடியைப் பார்த்து மரியாதையாக நின்றார். மாஸ்டர் சோசேஜின் சுருதியைக் கவனித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு முக்கியமான அழைப்பு வந்தது. தொலைபேசி வீட்டில் கிடந்தது, ஆனாலும் வந்தது.

"நான்தான் திறந்தேன்," என்றார் விஜிதரன். அவருடைய ஜெர்மன் தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. "இது என் முதல் வாளி. அன்றைக்குப் பயத்தில் பொய் சொன்னேன். எனக்குக் காய்ச்சத் தெரியாது."

பக்கத்தில் நின்ற தில்லைநாயகி அவருடைய கையைப் பிடித்தார். இத்தனை வருடத்து வாழ்க்கையைத் தூக்கி அந்த மனிதர் மேசையில் வைத்துவிட்டார்.

"தெரியும்," என்றார் ஹெர் விட்மர். "பியர் காய்ச்சுகிறவன் இரண்டு சொல்லோடு நிறுத்தமாட்டான். ஒரு மணித்தியாலம் அறுப்பான். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். கடைப் பியரை ஊற்றிக்கொண்டு வருவீர்கள் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் நாங்கள் வேறு மாதிரிப் பேசியிருப்போம்." நான் என் தொலைபேசி அழைப்பை நீட்டித்தேன். "சரி, உண்மையில் உங்கள் பொழுதுபோக்கு என்ன?"

"சனிக்கிழமைகளில் மண்டபத்தில் கதிரை அடுக்குவது."

ஹெர் விட்மர் அந்த நீளமான தெருவைப் பார்த்தார். வாங்கு, மேசை, வாங்கு, மேசை. "ஒவ்வொரு வருடமும் எல்லோரும் போன பிறகு இதையெல்லாம் நான் தனியாக மடிக்கிறேன்," என்றார். "மனிதா, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

அன்று அந்த இரண்டு பேரும் சேர்ந்து தெருவை மடித்து அடுக்கியதாகக் கேள்வி. நாங்கள் சாப்பாடு முடிந்ததும் வழக்கப்படி காரில் ஏறிவிட்டோம். வாங்கு மடிக்கும்போது ஹெர் விட்மர் பியரைத் திருத்தும் வழியையும் சொல்லிக்கொடுத்தாராம். "மூடு. விடு." அவ்வளவுதான். எங்கள் விசாரணை அறிக்கை அதைவிடச் சற்று நீளம். வினாகிரியும் வீண்போகவில்லை. "கைப்பக்குவப் பார்லி வினாகிரி" என்ற பெயரில் என் கடையில் கிடைக்கும்.

விஜிதரனுக்குக் குடியுரிமை கிடைத்தது. சங்கம் பாராட்டு விழா எடுத்தது. "உபகுழுவின் அயராத முயற்சியால்" என்று குணசேகரம் அண்ணை தொடங்கிய பேச்சு முடிந்தபோது, மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்க வந்திருந்தார். கதிரைகளை விழா நாயகரே அடுக்கினார்.

அதற்குப் பிறகுதான் அந்த வேதனையான சம்பவம். விஜிதரன் இரண்டாவது வாளி வைத்திருக்கிறார் என்று தகவல் வந்தது. எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் பெருந்தன்மையோடு உபகுழு கூடியது, பொன்னாடையோடும் சீனியோடும் படியிறங்கியது. பங்கர்க் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் விஜிதரனும் தில்லைநாயகியும் நின்றார்கள். பூட்டின் திறப்பு தில்லைநாயகியின் விரலில் தொங்கியது.

"திறவும், பாப்பம்," என்றார் குணசேகரம் அண்ணை.

விஜிதரன் கதவில் முதுகைச் சாய்த்தார். "இல்லை அண்ணை."

"என்ன?"

"இல்லை."

எங்களில் ஒருவருக்கும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லை. குணசேகரம் அண்ணை என்னைப் பார்த்தார். "சிற்றிசன் கிடைச்ச உடனை மாறியிட்டான் பாத்தீரோ," என்றார், மெல்லவும் இல்லாமல்.

"தேத்தண்ணி மேல கிடக்கு," என்றார் தில்லைநாயகி. "குடிச்சிட்டு வீட்டை போங்கோ."

நாங்கள் போகவில்லை. மாஸ்டர் கதவில் காதை வைத்தார். பிறகு குணசேகரம் அண்ணை வைத்தார். ஒரு முழத் தடிப்புக்கு அப்பால் என்ன கேட்டதோ, இருவர் முகமும் மலர்ந்தது.

"கேக்குது! குளுக் எண்டுது!"

"என்ரை பொன்னாடையின்ரை ராசி."

"அது போன வாளிக்கெல்லோ போத்தினது?"

"ராசி இஞ்சைதானே நிக்கும்."

இரண்டாவது வாளியின் வெற்றியும் உபகுழுவின் சாதனையாகக் கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது. பதிந்தவன் நான்தான். ஒரேயொரு குறிப்பை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டேன். தலைவர் கையெழுத்து வைக்கமாட்டார். அதை இங்கே எழுதிவிடுகிறேன்: விஜிதரன் ஊரில் பங்கருக்குள் ஒளித்தது குண்டு போட வந்தவர்களுக்குப் பயந்து. இங்கே பங்கர்க் கதவைப் பூட்டியது, சுகம் விசாரிக்க வந்த எங்களுக்குப் பயந்து.